டெபியன் 12: /பின் அடைவைப் பழையபடி பிரிக்கலாமா?

டெபியன் (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) 12-க்கு மாறியதும், அடிப்படைக் கட்டளைகள் இருந்த /பின் அடைவு /யூஎஸ்ஆர்/பின்-ஐச் சுட்டும் வெறும் சிம்லிங்க் (குறுக்குவழி இணைப்பு) ஆகிவிட்டது, /யூஎஸ்ஆர்/பின்/எல்எஸ் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று டிபிகேஜியிடம் (பேக்கேஜ்களை நிறுவிப் பதிவு வைக்கும் நிரல்) கேட்டால் தெரியாது என்கிறது, ரெட் ஹாட் நிறுவனம் திணித்த இந்த இணைப்பைப் பிரித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பிரிக்காதீர்கள். 12-இல் பிரித்த அமைப்புக்கு ஆதரவே கிடையாது, அடுத்த அப்டேட்டிலேயே சிக்கல் வரலாம். உங்கள் ஸ்கிரிப்டில் டிபிகேஜியிடம் /பின்/எல்எஸ் என்று கேளுங்கள், பதில் வரும். டிபிகேஜி தன் பதிவேட்டில் பழைய பாதையைத்தான் வைத்திருக்கிறது. 13-இல் பேக்கேஜ்களே புதிய பாதைக்கு மாறிவிட்டதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ரெட் ஹாட் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 2012-இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸில் இதைச் செய்து முடித்தவர்கள் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள்தான். சிஸ்டம்டி (கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் நிரல்) வந்த பிறகு தனிப் பார்ட்டிஷனில் /யூஎஸ்ஆர் வைப்பது இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்பமைப்பு) இல்லாமல் ஒத்துவரவில்லை, அந்த அழுத்தம் பல டிஸ்ட்ரோக்களுக்கும் (வெவ்வேறு லினக்ஸ் தொகுப்புகள்) வந்தது. ஆனால் சோலாரிஸ் என்ற யூனிக்ஸில் /பின் அதற்கு வெகுகாலம் முன்பே சிம்லிங்க்தான். டெபியனிலோ அதன் தொழில்நுட்பக் குழு, வருடக்கணக்கில் சண்டை போட்டு (படிக்கவே அலுப்பு வரும்), எடுத்த முடிவு. கோபம் வேண்டுமானால் டெபியன் அதைச் செய்த விதத்தின் மேல் வரலாம். டிபிகேஜியைத் தயார்செய்யாமலே மாற்றினார்கள், அதைப் பராமரிப்பவர்களே எதிர்த்தார்கள். உங்களுக்கு வந்த பிரச்சினையின் வேர் அதுதான்.