யூனிபிவட்டா, கிம்பலா?

அன்புள்ள ஐயா,

டர்ன்டேபிளின் டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கிச் செல்லும் கையை) மாற்றப் போகிறேன். ஒற்றைக் கூர்முனையில் உட்காரும் ஹாட்காக் ஜிஹெச்228 யூனிபிவட் ஒன்றும் ரேகா ஆர்பி300 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலையில் பழையதாகக் கிடைக்கின்றன. கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்திய தலை) டெனான் டிஎல்-103. என்னிடம் உள்ள கர்னாடக எல்.பி.க்களில் பாதி வளைந்தவை. அப்பாவும் தட்டு போட்டுக் கேட்பார். யூனிபிவட்டில் உராய்வே கிடையாது, அதனால் பாட்டு துலக்கமாகக் கேட்கும் என்கிறார்களே, உண்மையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஆர்பி300ஐ வாங்குங்கள். காரணம் உராய்வு அல்ல.

உராய்வுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் கிம்பல் ஆர்முக்கு (வளையத்தில் பொருத்தி, இரண்டு அச்சுகளிலும் பேரிங் வைத்த வகை) நிறுவனம் சொல்லும் உராய்வு 7 மில்லிகிராமுக்குள். டிஎல்-103 ஊசியின் அழுத்தம் 2.5 கிராம், அதாவது 2,500 மில்லிகிராம். இதில் அந்த ஏழு எந்த மூலைக்கு? யூனிபிவட்டின் உண்மையான பலம் வேறு: ஒரு கூர்முனையும் அது உட்காரும் குழியும் மட்டுமே இருப்பதால், தளர்ந்து ஆட அங்கே எதுவும் இல்லை. பந்து பேரிங்கில் ஆட்டமில்லாமலும் இறுக்கமில்லாமலும் பொருத்துவதற்குச் செலவு பிடிக்கும். அதனால்தான் மலிவான கிம்பலைவிட மலிவான யூனிபிவட் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஆர்பி300 இதற்கு விதிவிலக்கு. (அதில் கிம்பல் வளையம் கிடையாது. ஆனால் இரண்டு அச்சுகளிலும் பேரிங் உண்டு, நம் கேள்விக்கு அதே ஜாதிதான்.)

யூனிபிவட்டின் தொல்லை பக்கவாட்டு உருளல். மேலும் கீழும், இடமும் வலமும் போவதோடு, ஆர்ம் தன் நீளவாக்கிலும் புரள முடியும். முனைக்குக் கீழே தொங்கும் எடையும் குழியில் விடும் சிலிகான் எண்ணெயும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. வளைந்த தட்டில் ஒவ்வொரு மேட்டிலும் ஊசி கொஞ்சம் சாயும், இடது வலது சேனல்கள் ஒன்றுக்குள் ஒன்று கசியும். எண்ணெயைக் கூட்டினால் ஆட்டம் அடங்கும், ஆனால் மேட்டில் ஏறி இறங்க ஆர்ம் தாமதிக்கும். துளித் துளியாகத்தான் விட வேண்டும். தயாரிப்பாளர்களுக்கும் இது தெரியும். கிரஹாம் தன் ஃபேன்டம் ஆர்மில் காந்தங்களை வைத்து உருளலை அடக்கியது. விபிஐ தன் யூனிபிவட்டுக்கு இரண்டாவது முனை ஒன்றை விற்றது, பிறகு கிம்பலும் செய்தது.

உங்கள் கார்ட்ரிட்ஜ் இந்த உருளலை இன்னும் மோசமாக்கும். டிஎல்-103இன் கம்ப்ளையன்ஸ் (ஊசி எவ்வளவு நெகிழ்ந்து கொடுக்கும் என்ற அளவு) 100 ஹெர்ட்ஸில் 5 என்று போட்டிருக்கும். 10 ஹெர்ட்ஸில் அதைத் தோராயமாக 10 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்பி300இன் செயல்நிறை (ஆர்மை அசைக்கையில் ஊசி உணரும் எடை) 11.5 கிராம், கார்ட்ரிட்ஜ் 8.5, திருகுகள் 1, ஆக 21 கிராம். பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதைக் கொண்டு 159ஐ வகுத்தால், ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தானாக அதிரும் அதிர்வெண் 11 ஹெர்ட்ஸ். 8 முதல் 12 வரை இருந்தால் நல்லது. 7 கிராம் செயல்நிறையுள்ள ஒரு ஆர்முக்கும் இதே கணக்கில் 12.4தான் வரும், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இந்தச் சூத்திரம் உருளலைக் காட்டாது. விறைப்பான கார்ட்ரிட்ஜ் ஆர்முக்குள் தள்ளும் அதிர்வில், எடை குறைந்த யூனிபிவட் புரளத்தான் செய்யும்.

ஹாட்காக்கின் பெரிய வசதி, அஸிமுத்தை (எதிரே இருந்து பார்க்கும்போது ஊசியின் இட வலச் சாய்வை) விரும்பியபடி திருத்தலாம் என்பது. தட்டின் இடத்தில் மெல்லிய கண்ணாடியை வைத்து, மோட்டாரை நிறுத்தி, ஊசியை இறக்கி, நேர் எதிரே இருந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் பின் எடையைக் கொஞ்சம் சுழற்றுவார்கள். சுழற்றினால் ஊசி அழுத்தம் மாறக்கூடும், மறுபடி தராசில் பார்க்க வேண்டும். முனையருகே வெளியேறும் மெல்லிய கம்பிகள் முறுக்கிக் கிடந்தாலும் ஆர்ம் சாயும். ஆர்பி300இல் இந்த வசதி அறவே இல்லை. ஆனால் டிஎல்-103க்குக் கூம்பு ஊசி. மெல்லிய விளிம்புள்ள மைக்ரோலைன் ஊசி கேட்கிற அளவு நுணுக்கத்தை அது கேட்காது. இந்த வசதிக்காக நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

அப்பா விஷயம் தனி. யூனிபிவட்டை விரலால் தூக்கினால் ஆர்ம் கையில் தள்ளாடும். பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. (நெய்ம் நிறுவனத்தின் ஆரோ யூனிபிவட்டில் தூக்கும் லீவரே வைக்கவில்லை, அது ஒரு பிடிவாதம்.)

பழைய ஆர்பி300ஐ வாங்கும்முன் பேரிங்கைச் சோதியுங்கள். ஆன்ட்டி ஸ்கேட்டிங்கை (ஆர்ம் தட்டின் மையத்தை நோக்கி இழுபடாமல் தடுக்கும் அமைப்பை) பூஜ்யத்தில் வைத்து, ஊசி அழுத்தமே இல்லாமல் ஆர்மை மிதக்க விட்டு, மெதுவாக ஊதுங்கள். தடையில்லாமல் நகர்ந்து, இடையில் ஒட்டாமல் நிற்க வேண்டும். அடுத்து ஹெட்ஷெல்லை (கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஆர்மின் முன்பகுதியை) இரண்டு விரல்களால் பிடித்து மிக லேசாக முன்னும் பின்னும் அசையுங்கள். ‘டக்’ என்று ஒரு சிறு ஆட்டம் கைக்குத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது ஸ்பிண்டில் (தட்டின் துளைக்குள் போகும் அச்சு) மையத்திலிருந்து ஆர்ம் திரும்பும் மையம் 222 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் திருகை முடுக்கும்போது ஹெட்ஷெல்லை மறுகையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விசை பேரிங்குக்குப் போனால் பந்துகள் தம் தடத்தில் பள்ளம் போட்டுவிடும், பிறகு எண்ணெய் விட்டும் சரியாகாது.