கேளுங்க சொல்றேன்: எழுந்திரிக்காத தலையாட்டி பொம்மை

கேள்வி: பையன் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு கொட்டாங்குச்சில களிமண்ண அடைச்சு, மேல களிமண்லயே உடம்பும் தலையும் வெச்சு, தஞ்சாவூர் பொம்மை மாதிரி செஞ்சான். தட்டிவிட்டா எழுந்திரிக்கவே மாட்டேங்குது, படுத்தே கெடக்கு. அடிப்பக்கம்தான் வெயிட் அதிகம், தராசுலயே போட்டுப் பாத்துட்டோம். அப்புறம் ஏங்க?
– ஒரு அம்மா, மன்னார்குடி

பதில்: பையன திட்டாதீங்க. "கீழ வெயிட் இருந்தா நிக்கும்"னு நமக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே பாதிப் பாடம்தான். கீழ வெயிட் இருந்தா மட்டும் போதாது, எவ்ளோ கீழங்கறதுக்கு ஒரு கோடு இருக்கு, அதத் தாண்டிட்டா அவ்ளோதான்.

கொட்டாங்குச்சியோட வாய் இருக்குல்ல, அந்த வட்டத்துக்கு நட்டநடுவுல ஒரு புள்ளி வெச்சுக்கோங்க. பொம்மை எந்தப்பக்கம் உருண்டாலும் அந்தப் புள்ளி மட்டும் தரையிலேர்ந்து அதே உயரத்துலதான் இருக்கும், ஏன்னா அதுதான் உருண்டையோட மையம். மொத்த பொம்மையோட ஈர்ப்பு மையம், அதாவது முழு எடையும் ஒரே எடத்துல குவிஞ்ச மாதிரி வெச்சுக்கிற எடம், இந்தப் புள்ளிக்குக் கீழ இருந்தா, சாய்க்கும்போது அது மேல ஏறுது, அதனால விட்டதும் திரும்ப எறங்கப் பாக்கும், நம்ம கண்ணுக்கு அது எழுந்திரிக்கிற மாதிரி தெரியுது. புள்ளிக்கு மேல போயிட்டா எல்லாம் தலகீழ், சாயச்சாய எறங்கும், எறங்கினது திரும்ப ஏன் ஏறப்போவுது, படுத்துக்கும்.

இப்ப கணக்குக்கு வாங்க. 8 செ.மீ. வாய் அகலம், உள்ள 240 கிராம் மண்ணுன்னு வெச்சுக்குவோம். அரைக்கோளத்தோட ஈர்ப்பு மையம் வாய் மட்டத்துலேர்ந்து ஆரத்துல எட்டுல மூணு பங்குதான் கீழ இருக்கும், அதாவது வெறும் 1.5 செ.மீ. 240-ஐ 1.5-ஆல பெருக்கினா 360. மேல உக்காந்திருக்கிற உடம்பு, தலையோட மையம் வாய்க்கு 6 செ.மீ. மேல இருந்தா, 360-ஐ 6-ஆல வகுங்க, 60 கிராம். அதுதான் லிமிட்! எலுமிச்சம்பழத்தவிட கொஞ்சம் பெருசா களிமண் உருட்டினாலே 150 கிராம் வந்துரும். அடி 240, மேல 150, தராசு உங்க பக்கம்தான், ஆனா பொம்மை படுத்துரும். புவிசார் குறியீடெல்லாம் வாங்கின தஞ்சாவூர் பொம்மைல மேல்பாகத்த காகிதக் கூழுல லேசா செய்றது சும்மா இல்ல. தலைய எடுத்துட்டு ஒரு பிங்பாங் பந்த ஒட்டச் சொல்லுங்க, உடம்புக்கு பேப்பர் சுருட்டினா போதும். கொட்டாங்குச்சில கண்ணு இல்லாத பாதியா பாத்து எடுங்க, கண்ணு இருக்கிற பக்கம் கொஞ்சம் கூராயிருக்கும், சரியா உருளாது.

கேள்வி: ஆபீஸ்ல என் ஸ்டீல் தண்ணி பாட்டில் காலியா இருந்தாலும் சாயுது, ஃபுல்லா இருந்தாலும் சாயுது, முக்கால்வாசி குடிச்சப்புறம்தான் ஒழுங்கா நிக்கிற மாதிரி இருக்கு. பிரமையா?
– ஈரோடு வாசகர்

பதில்: பிரமை இல்ல சார், கரெக்டா கவனிச்சிருக்கீங்க. 400 கிராம் பாட்டில், 25 செ.மீ. உயரம், 1 லிட்டர் புடிக்கும்னு வைங்க. காலியா இருந்தா ஈர்ப்பு மையம் நடுவுல, 12.5 செ.மீ.ல. தண்ணி ஊத்த ஊத்த மொதல்ல அது கீழ எறங்கும், ஏன்னா புதுசா விழுற தண்ணி எல்லாம் மையத்துக்குக் கீழதான் சேருது. தண்ணி மட்டம் மையத்தத் தொடுற வரைக்கும்தான் அந்தக் கதை, அதுக்கு மேல ஊத்தினா மேல சேருது, மையமும் மறுபடி ஏற ஆரம்பிச்சு ஃபுல் ஆனதும் பழையபடி 12.5-லயே போய் உக்காந்துக்கும். நம்ம பாட்டிலுக்கு ரொம்பக் கீழ எறங்குற எடம் 8.7 செ.மீ., அதாவது மூணுல ஒரு பங்கு தண்ணி. காலியோ ஃபுல்லோ சுமார் 16 டிகிரி சாஞ்சா விழுந்துரும், மூணுல ஒரு பங்குல கிட்டத்தட்ட 22 டிகிரி வரைக்கும் தாங்கும். ஆனா ஃபுல் பாட்டில சாய்க்க மூணரை மடங்கு பலமா இடிக்கணும்ங்க, அதயும் சொல்லிடறேன். அப்டி சாஞ்சுதுன்னா உங்க முழங்கைய கொஞ்சம் விசாரிக்கணும்.

கேள்வி: அண்ணா, ஒட்டடைக் கம்ப உள்ளங்கைல நிறுத்துற பெட். பிரஷ் மேல இருந்தா ஈஸியா நிக்குது, கீழ இருந்தா டக்குனு விழுது. வெயிட் கீழ இருந்தாதான நிக்கணும்?
– காலேஜ் ஸ்டூடண்ட், ஓசூர்

பதில்: தம்பி, இங்க பாட்டில் கணக்கு செல்லாது. பாட்டில் தானா நிக்குது, கம்பு தானா நிக்கல, அது விழுந்துகிட்டேதான் இருக்கு, நீதான் ஓடி ஓடி கைய கீழ கொண்டுபோய் வெக்கிற. அதனால கேள்வியே வேற: எவ்ளோ மெதுவா விழுது? வெயிட் உசரத்துல இருந்தா மெதுவா சாயும், உனக்கு டைம் கெடைக்கும். 15 செ.மீ. பென்சில் சாயுற வேகத்துக்கு கணக்கு போட்டா சுமார் 0.1 செகண்ட் வருது, ஒன்றரை மீட்டர் கம்புக்கு 0.3. கண்ணு பாத்து கை நகர்றதுக்கே ஏறக்குறைய 0.2 செகண்ட் ஆயிருதே, பென்சில எங்க புடிக்கிறது. அடுத்த பெட்ல நீ கம்ப எடுத்துக்கிட்டு ஃப்ரெண்டு கைல பென்சில குடு. கண்ணு நுனிலயே இருக்கட்டும், கையப் பாக்காத.

கேள்வி: டீக்கடை டேபிள் ஆட்டத்துக்கு பேப்பர் மடிச்சு வெக்காம ஏதாவது வழி?
– சேலம் வாசகர்

பதில்: சதுர டேபிளா இருந்து காலெல்லாம் ஒரே அளவுன்னா அப்டியே மெல்ல சுத்திப்பாருங்க, கால்வாசி சுத்துக்குள்ள நாலு காலும் படியுற எடம் ஒண்ணு சிக்கும். எதிரெதிர் மூலைக் கால்கள ஒரு ஜோடின்னு வெச்சுக்கோங்க, இப்ப தூக்கிட்டு நிக்கிற கால் ஜோடியும் படிஞ்சிருக்கிற ஜோடியும் கால்வாசி சுத்துல எடம் மாறிக்குது, மாறும்போது நடுவுல எங்கயோ ரெண்டு ஜோடியும் சமமாகித்தானே ஆகணும். தரை மேடும் பள்ளமுமா இருக்கலாம், டைல்ஸ் ஓரம் மாதிரி வெட்டு இருக்கக் கூடாது. ஒரு கால் குட்டைன்னா பேப்பர்தான். டீய மட்டும் மொதல்ல கைல எடுத்துக்கோங்க.