ஃப்ரிட்ஜுக்குள் வண்டிச் சாவி: ஒலிப்பதிவு கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு, பாட்டு. நான்கு சொந்தப் பாடல்கள் தயார். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை இருக்கிறது, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கையில் 18,000 ரூபாய், மேடையில் பாடும் ஷூர் எஸ்எம்58 மைக் ஒன்று, ஒரு லேப்டாப். விலை கூடிய மைக்காக ஒன்று வாங்கி நடுவில் வைத்து, எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யலாமா? ரகுமானே வீட்டின் பின்பக்கத்தில்தானே ஆரம்பித்தார்?
*வாசகர், அயனாவரம்*

பதில்: ரகுமானை விடுங்கள் தம்பி. அவர் வீட்டோடு சேர்த்துக் கட்டியது முறையான ஸ்டூடியோ. உங்களுடையது ஷீட் கொட்டகை. ஆனால் அதில் வேலை நடக்கும், எல்லோரையும் ஒன்றாக உட்கார வைக்காமல் இருந்தால். அந்த அறையில் டிரம்ஸ் அடித்தால் பாட்டு மைக்கிலும் டிரம்ஸ்தான் விழும். அப்புறம் பாடகர் ஒரு வரியைத் தப்பாகப் பாடினால்கூட ஐந்து பேரும் மறுபடி வாசிக்க வேண்டும்.

பணத்தை மைக்கில் கொட்டாதீர்கள். முதலில் இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஒன்று, பழையதானாலும் பரவாயில்லை. பிறகு ஒரு சாதாரண கண்டென்ஸர் மைக் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் வகை), ஒரு ஸ்டாண்ட், காது மூடும் ஹெட்போன். ரிச்சி தெருவில் வயரும் கனெக்டரும் வாங்கி நீங்களே பற்றவைத்தால் கேபிள் செலவு பாதியாகும். மிச்சப் பணத்தில் ஸ்னேர் டிரம்முக்குப் புதுத் தோல், பேஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி. இதைச் சொன்னால் பையன்கள் முகம் சுளிப்பார்கள். செத்த தோலின் சத்தத்தை எந்த மைக்காலும் உயிர்ப்பிக்க முடியாது. மென்பொருளுக்குச் செலவே வேண்டாம், ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு இலவசமாக ஓடும். பிடித்தால் வாங்குங்கள்.

வரிசை இதுதான். கிளிக் (தாளத்துக்கு ஹெட்போனில் ஒலிக்கும் டிக் டிக்) வைத்துக் கிட்டாரும் பாட்டும் சும்மா ஒரு வழிகாட்டியாகப் பதிவு செய்யுங்கள். அதை ஹெட்போனில் கேட்டபடி டிரம்மர் தனியாக வாசிக்கட்டும். அடுத்து பேஸ். ஆம்ப் வேண்டாம், இன்டர்ஃபேஸில் கிட்டார் குறி போட்ட இன்புட்டில் நேராகச் செருகினால் போதும். பிறகு கிட்டார், கீபோர்டு. பாட்டு கடைசியில். வழிகாட்டி டிராக்கை அதற்குப் பிறகு அழித்துவிடலாம். 24 பிட்டில் பதிவு செய்து, மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டியதில்லை.

டிரம்ஸுக்கு உங்களிடம் இரண்டே மைக். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முன்னால் எஸ்எம்58-ஐ வையுங்கள், கண்டென்ஸர் மேலே. மேலே என்றால் எங்கே? நான் கோடம்பாக்கத்தில் கேபிள் சுருட்டும் பையனாக இருந்தபோது ஒரு மூத்த என்ஜினியர் செய்து காட்டியது இன்னும் உதவுகிறது. டிரம்மரை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதோடு டிரம்ஸைச் சுற்றி நடப்பார். குனிவார், ஸ்டூல் மேல் ஏறுவார், டிரம்மரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார். ஸ்னேரும் சிம்பலும் சமமாகக் கேட்ட இடத்தில் அப்படியே நின்று கையை நீட்டுவார். அந்தக் காது இருந்த இடத்துக்கு நான் மைக்கைக் கொண்டுபோக வேண்டும். ஒரு காதை அடைத்தால் மறு காதும் ஒற்றை மைக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கேட்கும், இரண்டு காதும் திறந்திருந்தால் மூளை அறையின் எதிரொலியை ஒதுக்கி நம்மை ஏமாற்றிவிடும். வைத்தபின் கிக் டிராக்கின் போலாரிட்டியை (ஒலி அலையைத் தலைகீழாக்கும் பொத்தான்) ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் அடி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர்களில் கெட்டி ஜமக்காளம், மூலையில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் ஷீட்டே டிரம்ஸ் வாசிக்கும், மே மாத மத்தியானத்தில் டிரம்மர் மயங்குவார். ஃபேன் போட முடியாது, ஞாபகம் இருக்கட்டும். என் தேர்வு ஜனவரி, பிப்ரவரி, வார நாளில் காலை பதினொன்றுக்கு மேல். குக்கர் விசில்கள் அடங்கியிருக்கும். பக்கத்து வீட்டில் முதல் நாளே போய்ச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாதாமே?
*வாசகி, பல்லாவரம்*

பதில்: போகும். சத்தத்தை நிறுத்த எடை வேண்டும், அட்டையில் அது கிடையாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அது ஓர் அங்குல அட்டையை மதிக்குமா? தீப்பிடிக்க மட்டும் நன்றாகப் பிடிக்கும். அறைக்குள் எதிரொலி குறைய வேண்டுமானால், துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன்னால் பாடிப் பாருங்கள்.

கேள்வி: பாடும்போது என் குரல் ஹெட்போனில் தாமதமாக வருகிறது, தாளம் தப்புகிறது. லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?
*வாசகர், வியாசர்பாடி*

பதில்: வேண்டாம். மென்பொருள் அமைப்பில் பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 1024 என்று இருக்கிறதா பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது உள்ளே வர 21 மில்லிசெகண்ட், வெளியே போக இன்னொரு 21. பதினான்கு மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு பாடுவது போல. பதிவின்போது 128-க்கு இறக்குங்கள், மிக்ஸிங்கில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள், குரல் கணினிக்குள் போகாமல் நேராகக் காதுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரல் கேட்கும்.

கேள்வி: பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கேபிள் மாற்றியும் போகவில்லை.
*வாசகர், பெரம்பூர்*

பதில்: அது நம் கரண்ட்டின் 50 ஹெர்ட்ஸ். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பல வீடுகளில் அங்கேயே தீர்ந்துவிடும். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள், உயிர் போகிற விஷயம். கிட்டாரில் மட்டும் வந்தால், கிட்டாரோடு மெல்லச் சுழன்று பாருங்கள். ஏதோ ஒரு திசையில் குறையும், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து வாசிக்க வேண்டியதுதான். டியூப் லைட்டை அணையுங்கள்.

ஃப்ரிட்ஜையும் அணையுங்கள். இதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம். ஒரு சனிக்கிழமை பாட்டுப் பதிவுக்காக அணைத்தவன், டேக் நன்றாக வந்த சந்தோஷத்தில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன், அங்கிருந்து சாப்பிட. மறுநாள் காலை என் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்தபோது தோசை மாவு பொங்கி மேல் தட்டிலிருந்து காய்கறிப் பெட்டி வரை வழிந்திருந்தது. அன்றிலிருந்து அணைத்த கையோடு வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். கிளம்பும்போது அதைத் திறந்துதானே ஆக வேண்டும்.