மேட்பிளாட்லிப்: க்ளிக் செய்த கட்டத்தில் கோடு விழ மாட்டேன் என்கிறதா?

வணக்கம். மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் வரைபட லைப்ரரியில், நான்கு சப்பிளாட் (ஒரே படத்துக்குள் இருக்கும் தனித்தனி வரைபடக் கட்டங்கள்) உள்ள படத்தில் மேல் இடது கட்டத்தை க்ளிக் செய்துவிட்டு ஐபைத்தானில் (பைத்தான் கட்டளைகளை அடித்து உடனே இயக்கும் திரை) பிளாட் என்று கோடு வரையும் கட்டளையை அடித்தால், கோடு கடைசிக் கட்டத்தில் போய் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை இல்லை. படத்துக்குள் க்ளிக் செய்தால் அந்த ஃபிகர் (முழுப் படம்) மட்டும்தான் நடப்பு ஃபிகராக, அதாவது அடுத்த கட்டளை போய்ச் சேரும் படமாக மாறும் (தலைப்புப் பட்டையை க்ளிக் செய்தால் அதுவும் மாறாது). அதற்குள் எந்த ஆக்சிஸ் (ஒரு வரைபடக் கட்டம்) நடப்பில் இருக்கிறது என்பதை மவுஸ் தொடுவதே இல்லை. கட்டங்களை உருவாக்கும் சப்பிளாட்ஸ் கட்டளை கடைசியாக உருவாக்கிய ஆக்சிஸ்தான் அப்படியே நிற்கும்.

சரிசெய்வது சுலபம். கேன்வாஸின் (ஃபிகரின் வரைபரப்பு) பட்டன் ப்ரெஸ் ஈவென்ட்டுக்கு, அதாவது மவுஸ் பட்டனை அழுத்தும் நிகழ்வுக்கு, எம்பிஎல் கனெக்ட் (mpl_connect) மூலம் ஒரு ஃபங்ஷனை இணையுங்கள். உள்ளே, ஈவென்ட்டின் இன்ஆக்சஸ் (inaxes, க்ளிக் விழுந்த ஆக்சிஸ்) காலியாக இல்லையென்றால் அதை, நடப்பு ஆக்சிஸை மாற்றும் பைபிளாட்டின் எஸ்சிஏ-வுக்குக் (plt.sca) கொடுங்கள், போதும். ஃபிகரும் சேர்ந்தே மாறிவிடும். ஒவ்வொரு ஃபிகருக்கும் தனித்தனியாக இணைக்க வேண்டும்.

கலர்பாரும் (நிறங்களின் மதிப்பைக் காட்டும் பட்டை) ஓர் ஆக்சிஸ்தான். கை தவறி அதில் க்ளிக் பட்டால் அடுத்த கோடு அங்கே போய்விடும். அதனால் உங்கள் நான்கு ஆக்சிஸையும் ஒரு லிஸ்ட்டில் வைத்து, அதில் இருப்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ட்வின்எக்ஸ் (ஒரே கட்டத்தின் மேல் இன்னொரு ஒய் அச்சுடன் இரண்டாவது ஆக்சிஸை வைக்கும் கட்டளை) போட்டிருந்தால் வழக்கமாக மேலே இருக்கும் இரட்டை ஆக்சிஸ்தான் பிடிபடும்.

ஸ்கிரிப்ட்டாக எழுதும்போது மட்டும் இதை நம்ப வேண்டாம். அங்கே ஆக்சிஸின் பெயரைச் சொல்லியே பிளாட்டை அழையுங்கள்.