வால்வு மாற்றியவருக்குச் சீன மூலிகை: போத்தலைத் திறக்க முதல்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. நாலு மாதத்துக்கு முன் இதயத்தின் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு வைத்தார்கள். இரத்தம் கட்டிபடாமலிருக்க வோபரின் குடிக்கிறார். ஒப்பரேசனுக்குப் பிறகு மறதி, நித்திரைக் குறைவு, இடது கைச் சின்னவிரலில் விறைப்பு. கனடாவிலிருந்து மாமா சீன மூலிகைக் குளிசை அனுப்பியிருக்கிறார். கொடுக்கலாமா? ஊசி குத்தும் அக்குபங்சர் வைத்தியம் செய்யலாமா?
- ஒட்டுசுட்டான் வாசகி

பதில்: குளிசையைக் கொடுக்க வேண்டாம். அக்குபங்சரைச் சில நிபந்தனைகளோடு யோசிக்கலாம்.

மூளை, நரம்புக் கோளாறுகளுக்குச் சீன வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளில் பல "இரத்தத்தை ஓடவைக்கும்" வகை. பக்கவாதத்துக்குப் பேர்போன புயாங் ஹுவான்வு கசாயத்தை 1830இல் வாங் சிங்ரென் எழுதிவைத்தார். ஹுவாங்சீ வேர் மட்டும் ஏறத்தாழ 120 கிராம். அதோடு டொங்குவாய், குசும்பாப்பூ, மண்புழு உட்பட இன்னும் ஆறு சரக்கு. வோபரின் குடிக்காதவருக்கே வைத்தியரின் கண்காணிப்பில் கொடுக்கவேண்டிய மருந்து இது. இதய ஒப்பரேசனுக்குப் பின் வரும் மறதியை இது தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

லேபலில் டான்ஷென், டொங்குவாய் என்ற வேர்கள் இருந்தால் வோபரினின் வேகம் கூடும். வோபரினோடு டான்ஷென் எடுத்த வால்வு நோயாளிகளுக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் அளவு) ஏறியதை 1990களில் ஹொங்கொங் வைத்தியர்கள் பதிவுசெய்தார்கள். ஜின்செங் அதற்கு எதிர்மாறு, ஐ.என்.ஆரைக் குறைக்கும். மைட்ரல் மெக்கானிக்கல் வால்வுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வேண்டும்.

ஆபத்து எங்கே என்றால், நீங்கள் சொல்லாமல் கொடுக்கிறீர்கள், ஐ.என்.ஆர். 5க்கு ஏறுகிறது, கிளினிக்கில் வோபரினைக் குறைக்கிறார்கள். அடுத்த மாதம் போத்தல் முடிகிறது, பார்சல் வரப் பிந்துகிறது. இப்போது குறைத்த வோபரின் மட்டும்தான் உடம்பில். ஐ.என்.ஆர். 1.5க்கு இறங்கி, வால்வில் இரத்தக்கட்டி பிடித்து, அது மூளைக்குப் போகலாம். பக்கவாதத்துக்குப் பேர்போன மருந்துவகையே பக்கவாதத்தைக் கொண்டுவரலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்காதீர்கள். நாளைக்கே ஐ.என்.ஆர். பாருங்கள், போத்தலையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். நிறுத்தி ஒரு கிழமைக்குள் திரும்பவும் பாருங்கள். மெதைல் சாலிசிலேட் உள்ள தைலத்தை முதுகு முழுக்கத் தேய்த்தாலும் ஐ.என்.ஆர். ஏறலாம், இதைப் பலர் மருந்தாகவே எண்ணுவதில்லை.

சின்னவிரல் விறைப்பைப் பற்றி அதிகம் பயப்படத் தேவையில்லை. நெஞ்செலும்பை விரித்துப் பிடிக்கும்போது கைக்குப் போகும் நரம்புக்கட்டு இழுபடும். பெரும்பாலும் மாதங்களில் தானாக மாறும். சேட்டுப் பொத்தானைப் போடச் சொல்லிப் பாருங்கள். விரல்கள் தடுமாறினாலோ, பிடியில் பெலன் குறைந்தாலோ நரம்புப் பரிசோதனை கேளுங்கள்.

மறதியும் நித்திரையின்மையும் பலருக்கு ஆறு மாதத்துக்குள் தெளியும். அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை: இரத்தச்சோகை, சோடியம், தைரொயிட், மனச்சோர்வு நாலையும் பார்க்கச் சொல்லுங்கள். இதயத்துடிப்பைச் சீராக்க அமியோடரோன் என்ற மருந்து கொடுத்திருந்தால் தைரொயிட் கட்டாயம். அது தைரொயிட்டைக் கெடுக்கும், நித்திரையையும் குழப்பும், வோபரினின் வேகத்தையும் கூட்டும்.

அக்குபங்சருக்குப் போவதானால், அந்தக் கிழமை ஐ.என்.ஆர். எல்லைக்குள் இருக்கவேண்டும். கண்முன்னே பக்கெற் பிரிக்கும் ஒருமுறை ஊசிதான் வேண்டும், ஏனென்றால் செயற்கை வால்வில் கிருமி பிடித்தால் உயிருக்கே வினை. நெஞ்சிலும் கழுத்திலும் ஆழமாகக் குத்தவும், காதில் ஊசியை நாட்கணக்கில் விட்டுவைக்கவும் விடாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கரண்ட் கொடுக்கும் அக்குபங்சர் கூடவே கூடாது. ஊசியில்லாமல் அமுக்குவது நல்லது: உள்மணிக்கட்டு ரேகையிலிருந்து அவருடைய மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு நாண்களுக்கு நடுவே, பெருவிரலால் மெதுவாக இரண்டு நிமிடம். நெய்குவான் எனும் இந்தப் புள்ளி குமட்டலுக்கு உதவும் என்பதற்குச் சான்று உண்டு. நித்திரைக்கும் செய்துபார்க்கலாம், தோல் கன்றாதபடி அமுக்கினால் போதும்.

வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரென்று கடும் தலையிடி வந்தாலோ, சைக்கிளால் விழுந்து தலை அடிபட்டாலோ, பரியாரியிடமும் வேண்டாம், விடியட்டும் என்றும் வேண்டாம். உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். அம்புலன்சில் ஏறும்போது கடைசி ஐ.என்.ஆர். எழுதிய கொப்பி கையில் இருக்கட்டும். அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கான் காட்டியவுடன் டொக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.