ஏஜெண்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்: குழித்துறைத் தம்பிக்கு

குழித்துறையிலிருந்து தம்பி கேட்டிருக்கிறீர்கள். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டீர்கள், ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சிக்கு வர ஆசை, திருவனந்தபுரத்தில் ஒரு ஏஜெண்ட் நாலரை லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா? கூடவே குளிர் எப்படி, ரூம் வாடகை எவ்வளவு, மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரன். உங்கள் ட்ரேடுதான். சார்ஜாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு 2016-இல் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து இங்கேயே தங்கிவிட்டேன். மரச்சீனி ஈழத்தமிழர் கடைகளில் ஃப்ரீசரில் கிடைக்கும். குளிருக்கு நல்ல ஜாக்கெட் இருந்தால் போதும். வாடகை ஊருக்கு ஊர் வேறு. இதெல்லாம் வந்தபிறகு தானாகச் சரியாகும். சரியாகாத விஷயங்களைத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த நாலரை லட்சம். அவுஸ்பில்டுங்குக்கு சீட் என்று விற்பதற்கு ஒன்றும் கிடையாது. அது கம்பெனியோடு நீங்கள் போடும் ஒப்பந்தம். வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியில் வேலை, ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. கட்டட எலக்ட்ரீஷியனுக்கு மூன்றரை வருடம். சம்பளம் அவர்கள்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். 2025-இல் சேர்ந்தவர்களுக்குச் சட்டப்படி முதல் வருடக் குறைந்தபட்சம் மாதம் 682 யூரோ, அதற்கு மேல் கொடுக்கிற இடங்களும் நிறைய உண்டு. நம் நாட்டில் பதிவுபெற்ற முகவர்கூட சர்வீஸ் சார்ஜாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். நாலரை லட்சம் எதற்கு என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரமாட்டார். அதோடு அவரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சர்டிபிகேட். நம் பையன்கள் ஐடிஐ முடித்துக் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் கையில் இருந்தால் உலகம் முழுக்க எலக்ட்ரீஷியன் என்று நம்புகிறார்கள். பயிற்சிக்கு இல்லாமல், வேலை தெரிந்தவனாக நேராக வேலைக்கே இங்கே வர வேண்டுமானால் உங்கள் படிப்பை இவர்களுடைய படிப்போடு ஒப்பிட்டு அங்கீகாரம் வாங்க வேண்டும். கைத்தொழில் சபை அதைப் பார்க்கும், சில தொழில்களுக்கு நியூரம்பெர்கில் உள்ள ஐஹெச்கே ஃபோசா என்கிற அமைப்பு பார்க்கும். எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வேலையை நீங்களே செய்தீர்கள் என்று வரிவரியாகக் கேட்பார்கள். எனக்குப் பாதி அங்கீகாரம்தான் கிடைத்தது. சார்ஜாவில் மெயின் பேனல் வரைக்கும் கட்டியவன் நான். அந்தக் கம்பெனி தந்த அனுபவக் கடிதத்தில் 'ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர்' என்று நாலு வரி. பேனல் பற்றி ஒரு சொல் இல்லை.

அதனால் இங்கே வந்த புதிதில் எனக்குக் கிடைத்தது சுவர் வெட்டுகிற வேலை. குழாய்க்குக் காடி வெட்டுவது, கேபிள் இழுப்பது, குப்பை அள்ளுவது. டிபி என்கிற மின் விநியோகப் பெட்டி பக்கம் போனால் கைகாட்டி நிறுத்துவார்கள். கம்பெனி கொடுத்த ரூமில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தோம், அதற்கு வாடகை என்று சம்பளத்தில் பிடித்த தொகையை இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. மொழி தெரிந்த ஒருவர் ஒப்பந்தத்தை எங்களுக்குப் படித்துச் சொல்லியிருந்தால் அதில் பாதி நடந்திருக்காது.

ஆனால் டிபி பக்கம் விடாததில் நியாயம் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மூன்று பேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரல் கறுப்பு. இங்கே நீலம்தான் நியூட்ரல். பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் பேஸ். எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்த வயர். நம் கைப்பழக்கத்தில் கறுப்பைத் தொட்டால் 230 வோல்ட். மூளைக்கு ஒரு நாளில் புரிந்துவிடும், கைக்குப் புரிய மாதங்கள் ஆகும்.

டெஸ்டரும் அப்படித்தான். சட்டைப்பையில் செருகியிருக்கும் நம் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை இங்கே கரண்ட் இல்லை என்று நிரூபிக்கும் கருவியாக ஒருவரும் ஏற்கமாட்டார்கள். இரண்டு முனை வைத்த டெஸ்டர் வேண்டும். லைனில் கை வைப்பதற்கு முன்னால் ஐந்து விதி, வரிசை மாறக்கூடாது: லைனைத் துண்டி, மறுபடி யாரும் போடாதபடி பூட்டு, கரண்ட் இல்லை என்று சோதி, எர்த் செய்து ஷார்ட் செய், பக்கத்தில் கரண்ட் உள்ள பாகத்தை மூடு. பரீட்சையில் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். வேலை முடிந்து லைட் எரிந்தால் முடிந்தது என்பது நம் வழக்கம். இங்கே லைட் எரிந்தபிறகும் பாதி வேலை பாக்கி இருக்கும். எர்த் தொடர்ச்சி சரியா, இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரை 500 வோல்ட்டில் வைத்தால் குறைந்தது 1 மெகா ஓம் வருகிறதா, கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி எத்தனை மில்லிசெகண்டில் விழுகிறது, எல்லாம் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த எழுதுவதைத்தான் நம் படிப்பு சொல்லித் தருவதில்லை. அவுஸ்பில்டுங்கில் வாராவாரம் பயிற்சிக் குறிப்பேடு எழுத வேண்டும். இந்த வாரம் எந்த வேலை செய்தேன், எத்தனை மணி நேரம், பள்ளியில் என்ன பாடம். பயிற்சியாளர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் இறுதிப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள். பையன் ஒரு மாதமாகக் காப்பி வாங்கிவந்து கொடுக்கிற வேலைதான் பார்த்தான் என்றால் அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனிக்கும் அந்தப் பயம் உண்டு. இப்போது எங்கள் இடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் நோட்டில் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஸ்டுட்கார்ட் வட்டாரப் பேச்சில் திட்டவும் தெரியும் எனக்கு.

நம் பக்கத்திலும் முயற்சி நடக்காமல் இல்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக்கியிருக்கிறார்கள். ரோபோவும் சிஎன்சியும் வந்தது பெரிய விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் மெஷின் வாங்குவதோடு நிற்கக்கூடாது. பையனை வேலைக்கு எடுக்கப்போகிற முதலாளி அவன் படிக்கும்போதே பொறுப்பெடுக்க வேண்டும், பரீட்சைத் தாளிலும் முதலாளிகளுக்குக் கை இருக்க வேண்டும். ஜெர்மனியில் பரீட்சை நடத்துவதே தொழில் சபைகள்தான். அதனால்தான் பாஸானவனைக் கம்பெனி நம்புகிறது.

அதனால் தம்பி, ஊரில் இருக்கும்போதே ஒரு அப்ரென்டிஸ் முடித்துவிடுங்கள். நம் குமரியைச் சுற்றி வேறு எந்த மாவட்டத்துக்கும் இல்லாத வாய்ப்பு இருக்கிறது. மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சி மணல் ஆலை, எல்லை தாண்டினால் தும்பா ராக்கெட் மையம். எல்லா இடத்திலும் ஐடிஐ முடித்தவர்களை அப்ரென்டிஸாக எடுக்கிறார்கள். உதவித்தொகை கொஞ்சம்தான் என்று நம் பிள்ளைகள் கொத்தனாரோடு கேரளாவுக்குப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வருடம் இங்கே அங்கீகாரத்தில் கணக்கில் வரும்.

உங்கள் நண்பர் வெல்டர் என்று எழுதியிருந்தீர்கள். 2024 ஜூனில் வந்த சான்சன்கார்டே என்கிற வேலை தேடும் விசாவுக்குக் குறைந்தது இரண்டு வருடப் படிப்பு வேண்டும். ஐடிஐ வெல்டர் ஒரு வருடம். அவர் இதைத் தெரியாமல் பணம் கட்டிவிடக்கூடாது.

மலையாளிகளைப் பார்த்து எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1960-களிலேயே கேரளாவிலிருந்து பெண்பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கு இந்த நாட்டுக்கு வந்தார்கள். இன்றைக்கும் பாறசாலைக்கு அந்தப்பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் நோர்க்கா, ஒடெபெக் என்று அரசு அமைப்பின் பெயர் சொல்வார்கள். அங்கே ஜெர்மனிக்கு நர்ஸுகளை எடுக்கும் ட்ரிபிள் வின் என்கிற திட்டத்தில் நர்ஸுகள் கைக்காசு இல்லாமல் வருகிறார்கள். களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் நமக்கு ஏஜெண்டின் பெயர்தான் தெரிகிறது. தமிழ்நாட்டுக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அதன் பதிவில் உங்கள் பெயர் இருக்கட்டும்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று. இங்கே வந்து தமிழ் ரூம், தமிழ்க் கடை, தமிழ் முதலாளி என்றே இருந்துவிட்டு, ஜெர்மன்காரன் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்களோடு ரூம் எடுக்காதீர்கள். ஜெர்மன் மொழியை பி1 என்கிற நடுநிலை வரைக்கும் ஊரிலேயே படித்து கோதே அல்லது டெல்க் பரீட்சை எழுதுங்கள். திருவனந்தபுரத்தில் கோதே சென்ட்ரும் இருக்கிறது. பி1 பாஸானாலும் சைட்டில் பேசுவது முதலில் புரியாது, பயப்படாதீர்கள்.

அவுஸ்பில்டுங் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும். நல்ல கம்பெனிகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே ஆள் பார்த்துவிடும். அதனால் இந்த வாரமே உங்கள் ஐடிஐ பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: பாடவாரியாக மணி நேரம் போட்ட பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், இரண்டிலும் முத்திரை. பகுதிநேரமாக வயரிங் வேலைக்குப் போன மேஸ்திரியிடமும் எந்த வீட்டில் என்ன வேலை என்று விவரமாக எழுதி வாங்குங்கள். மொழிபெயர்ப்பு எங்கே செய்வது என்று அப்புறம் கேளுங்கள், சொல்கிறேன்.