எச்சில் சோதனைக்கு முன் கணக்கு ஏட்டைப் பாருங்கள்

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகன் 2019 நவம்பர் நடுவில், 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான், எடை 1.2 கிலோ. ஏழு வாரம் இன்குபேட்டர். இப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. வாசிப்பு நன்றாக வருகிறது. கணக்கு ஏறவில்லை, வெண்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதில்லை, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொள்கிறான். குறைமாதப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் மாறிப்போயிருக்கும், எச்சிலில் சோதித்துப் பாருங்கள் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அவனுக்குக் கண்ணாடி தேவையா என்று பாருங்கள்.

உங்களிடம் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கோர்ட்டிசோல். விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போகும். பொழுது சாயச் சாய இறங்கி, படுக்கும் நேரத்தில் அடிமட்டத்துக்கு வரும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் கோர்ட்டிசோல் அப்படியே பிள்ளைக்குப் போய்விடாமல் நஞ்சுக்கொடி மறித்துவிடுகிறது. 29 வாரத்தில் வெளியே வந்த பிள்ளைக்கு அந்தக் காவல் இல்லை. பதிலுக்கு அவன் கண்டது, குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பதும், மூக்கில் குழாயும், தோலோடு ஒட்டிய பிளாஸ்டரைப் பிய்ப்பதும்தான். எல்லாம் உயிரைக் காக்கத்தான். உடம்புக்கு அது தெரியாதே. அவன் குதிகாலையும் புறங்கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், பொட்டுப் பொட்டாக வெள்ளைத் தழும்பு இன்னும் இருக்கலாம்.

கனடாவின் வான்கூவரில் ரூத் குருனாவ் குழுவினர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். பிறந்த புதிதில் அதிகம் குத்துப்பட்டவர்களிடம் கோர்ட்டிசோலின் போக்கு பிறகும் மாறியிருந்தது. ஆனால் மாறிய விதம் ஒன்றல்ல: ஒரு வயதில் கூடுதல், இன்னொரு வயதில் குறைவு. அது கூட்டத்தின் சராசரி. உங்கள் மகனின் எண் ஒன்று கைக்கு வந்தால், அது கூடுதலா குறைவா, அதற்கு என்ன செய்வது என்று சொல்ல யாரிடமும் அளவுகோல் கிடையாது.

எடுக்கும் விதத்திலும் சிக்கல் உண்டு. எழுந்தவுடன், அரை மணி கழித்து, படுக்கும்முன் என்று பல தடவை, ஒரு நாளுக்கு மேல் எடுக்க வேண்டும். சாப்பிட்ட, பல் துலக்கிய கையோடு எடுக்கக்கூடாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பால்பல் ஆடும் வயது. ஈறிலிருந்து ரத்தம் கலந்தால் எண் தவறிப்போகலாம். நள்ளிரவில் காய்ச்சல் வந்திருந்தாலும் அதே கதைதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நாள் நிரம்பிப் பிறந்திருந்தால் உங்கள் மகன் 2020 ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ பிறந்திருப்பான். 2019-இல் பிறந்தவர்களோடு இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கவே மாட்டான். 2019 ஜனவரியில் பிறந்த பையனோடு அவனை ஒப்பிடும்போதெல்லாம் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது அவன் கணக்கு ஏட்டைத் திறங்கள். 23-ஐயும் 14-ஐயும் கீழே கீழே எழுதிக் கூட்டச் சொன்னால் 37 வர வேண்டும். 163 என்று எழுதியிருந்தால் கூட்டலில் பிழை இல்லை. 14 ஒரு இடம் இடப்பக்கம் நகர்ந்து விழுந்திருக்கிறது. கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வதில் வரும் தடுமாற்றம் இது, மிகக் குறைமாதத்தில் பிறந்தவர்களிடம் அடிக்கடி காண்பது. ஒரு இலக்கத்துக்கு ஒரு கட்டம் என்று பெரிய கட்டம் போட்ட ஏடு வாங்கிக் கொடுங்கள். 'ஏட்டை எடு, 14-ஆம் பக்கம் திற, தேதி எழுது' என்று மூன்று ஏவலை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஏடு மேசைக்கு வருவதற்குள் மற்ற இரண்டும் மறந்திருக்கும். ஒன்று சொல்லி, அது முடிந்ததும் அடுத்தது. இதை மறதி என்று திட்டினால் பயத்தில் இருக்கிற கொஞ்ச நினைவும் ஓடிவிடும். இங்கேதான் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் நிஜமாகவே தன் வேலையைக் காட்டுகிறது.

பிறப்புப் பதிவுள்ள சுகாதாரப் புத்தகத்தையும், ஆஸ்பத்திரியில் விட்டபோது கொடுத்த கடிதத்தையும், மூன்று கணக்கு ஏட்டையும் எடுத்துக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போய், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கண், காது, தொழில்வழிச் சிகிச்சை (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் கண்ணையும் பழக்குவது) மூன்றையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். விழித்திரைச் சோதனை பிறந்த புதிதில் செய்திருப்பார்கள்; அதோடு முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். இவர்களுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் பின்னாலும் வரும். பலகை தெரியாதவன் எப்படி எழுதி முடிப்பான்?

வகுப்பாசிரியரிடம் முன்வரிசை, பாதி அளவு எழுத்துவேலை, மணிக்கு முன் ஒரு வார்த்தை எச்சரிக்கை கேளுங்கள். பின்தங்கிய பாடத்தைத் தனியாகச் சொல்லித்தரும் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாமா என்றும் கேட்டுவிடுங்கள். அது சிறப்புக் கல்வி வகுப்பு அல்ல, பயப்பட வேண்டாம்.

வீட்டில் முக்கியம் தூக்கம். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். அப்பா பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) கிளம்பும் சத்தத்தில் ஐந்து மணிக்கே அவனும் எழுந்தால், இரவு பத்துக்குப் படுத்தவனுக்கு ஏழு மணி நேரம்தான். ஆறு மணிவரை அவன் அறையில் விளக்கு வேண்டாம். இரவு எட்டரைக்குப் படுக்கை. சாயங்காலத் தேத்தண்ணியை நிறுத்துங்கள்.

மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு ஊதுமருந்து எடுப்பவனாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். நீண்ட நாள் அதிக அளவு எடுத்தால் அட்ரினல் சுரப்பி சோம்பிவிடலாம். காய்ச்சலின்போது தொடர் வாந்தி, அசாதாரண சோர்வு, எழுப்பினால் எழாத மயக்கம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், என்ன மருந்து, எத்தனை நாளாக என்று சொல்லுங்கள். அங்கே கோர்ட்டிசோலை ரத்தத்தில் பார்ப்பார்கள். அதற்கு அர்த்தமும் உண்டு. அதுவரை ஊதுமருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.